வீட்டு வரைபடத்தில் கடை கட்டலாமா?



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். "கடையைக் கட்டிப் பார்" என்று ஏன் சேர்க்கவில்லை என நான் யோசித்ததுண்டு. அந்தக் காலத்தில் நாலு கால் நட்டு, கீற்று வேய்ந்து, முன்னால் ஒரு பலகையைப் போட்டால் கடை ஆயிற்று. இன்று கல்லும் கம்பியும் வாங்குவதற்கு முன்பே காகிதம் சேர்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் காகிதத்தில் நான் செய்த ஒரு தவறை நமது உறுப்பினர்கள் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இராமநாதபுரம் நகரில் எனக்கு ஒரு மளிகைக் கடை. 2009-ஆம் ஆண்டு மூன்று சென்ட் சொந்த மனையில் கட்டியது. வரைபடம் போட்டுக் கொடுத்தவர், "கடை என்று போட்டால் வண்டி நிறுத்த இடம் கேட்பார்கள், கட்டணமும் கூடும். வீடு என்றே போட்டு விடுவோம் அண்ணாச்சி, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார். "எல்லாரும்" என்ற ஒரு சொல் போதுமே நம்மைத் தலையாட்ட வைக்க! நானும் ஆட்டினேன். வீட்டுக்கு அனுமதி வந்தது. கடை எழும்பியது.

அந்த வரைபடம் இன்றும் என்னிடம் இருக்கிறது. முன்பக்கம் கூடம், அடுத்து படுக்கையறை, பின்னால் சமையலறை. கடைக்குள் வந்து பார்த்தால் கூடத்தில் கல்லாப்பெட்டி, படுக்கையறையில் பருப்பு மூட்டை, சமையலறையில் எண்ணெய் டின். பதினான்கு ஆண்டுகள் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. 2023-இல் மாடி எடுத்துக் கிட்டங்கி ஆக்கலாம் என்று ஒரு வங்கியில் கடன் கேட்டேன். வங்கி அதிகாரி வரைபடத்தையும் கடையின் புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது வேறு கட்டடம் போலிருக்கிறதே?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அனுமதி வாங்காதவன் அல்ல நான். வேறொன்றுக்கு வாங்கியவன். இரண்டுக்கும் சட்டத்தின் தராசில் அதிக வேறுபாடு இல்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ரசீது எல்லாம் அனுமதி ஆகுமா?

"சொத்து வரி கட்டுகிறேன், வணிகக் கட்டணத்தில் மின்சார பில் கட்டுகிறேன், தொழில் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறேன். இதற்கு மேல் என்ன?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். நானும் வங்கியில் இதைத்தான் கேட்டேன்.

நமக்குத் தெரிந்த உதாரணத்திலேயே சொல்கிறேன். முத்திரை இல்லாத எடைக்கல்லை இருபது ஆண்டு வைத்து நிறுத்தாலும் அது முத்திரைக் கல் ஆகிவிடாது. ஒரு நாள் சோதனை வந்தால் இருபது ஆண்டுப் பழக்கத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. கட்டடமும் அப்படித்தான். சொத்து வரி என்பது நிற்கிற கட்டடத்துக்குப் போடுகிற வரி. தொழில் உரிமம் செய்கிற தொழிலுக்கு. மின் கட்டணம் எரிகிற மின்சாரத்துக்கு. இவை ஒன்றும் "இந்த இடத்தில், இந்த அளவில், இந்த உபயோகத்துக்குக் கட்டலாம்" என்று சொல்வதில்லை. அதைச் சொல்வது கட்டட அனுமதி ஒன்றுதான். நாம் பிளான் அப்ரூவல் என்று சொல்கிறோமே, அது.

ஆகவே கடை கட்டப் போகிறவர் தம்மைத் தாமே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். எதற்காகக் கட்டுகிறேன்? எந்த இடத்தில் கட்டுகிறேன்? எவ்வளவு கட்டுகிறேன்? இந்த மூன்றில் ஒன்றில் தவறியவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு மூன்று ஊர்களைச் சாட்சியாக வைக்கிறேன்.

எதற்காக? மீரட் சொல்லும் பாடம்

உத்தரப் பிரதேசத்தில் மீரட் நகரின் சாஸ்திரி நகர் பகுதியில் வீட்டு வசதி வாரியம் 1986-இல் குடியிருப்புக்கென்று ஒரு மனையை ஒதுக்கியது. அதில் வீடு வரவில்லை. கடைகள் வந்தன. கைகள் மாறின, வாடகை மாறியது, வியாபாரம் பெருகியது. வாரியம் இடிக்க உத்தரவிட்டது. வழக்கு அலகாபாத் உயர் நீதிமன்றம் சென்றது. 2014-இல் அங்கும் இடிக்கத்தான் தீர்ப்பு. மேல் முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 17-12-2024 அன்று அதையே உறுதி செய்தது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் கொண்ட அமர்வு அது. நீதிபதி மகாதேவன் நமது சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்றவர். 2025 அக்டோபர் இறுதியில், தீபாவளி முடிந்த சில நாட்களில், 22 கடைகள் இருந்த அந்த வளாகம் இயந்திரம் வைத்து இடிக்கப்பட்டது.

இத்தனை ஆண்டு ஆகிவிட்டதே, அதிகாரிகளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள், பணமும் நிறையப் போட்டாகிவிட்டதே என்ற வாதங்களை நீதிமன்றம் ஏற்கவில்லை. கால தாமதமோ, அதிகாரிகளின் மெத்தனமோ, போட்ட முதலோ தவறான கட்டடத்தைச் சரியாக்கிவிடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

அதோடு நிற்கவில்லை. நாடு முழுவதற்குமான சில கட்டளைகளையும் அந்தத் தீர்ப்பு தந்திருக்கிறது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைப் பார்வைக்கு வைக்க வேண்டும். பணி நிறைவுச் சான்று பார்த்த பிறகே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு தர வேண்டும். அனுமதியற்ற கட்டடத்தில் தொழில் நடத்த உரிமம் தரக் கூடாது. வங்கிகளும் கட்டடத்தை ஈடாக வைத்துக் கடன் தருமுன் இந்தச் சான்றைச் சரிபார்க்க வேண்டும். படித்துப் பாருங்கள்: மின்சாரம், உரிமம், வங்கிக் கடன். ஒரு வணிகனுக்கு மூச்சு விடும் வழி இந்த மூன்றும்தானே!

இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழ்நாடு அரசு 22-7-2024 முதல் சுயசான்று முறையைக் கொண்டு வந்திருக்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியுமாக வீடு கட்டுவோர், ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றிக் கட்டணம் கட்டினால் உடனடியாக அனுமதி கிடைத்துவிடும். நல்ல திட்டம், நடுத்தரக் குடும்பங்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அது வீட்டுக்கு மட்டும். கடைக்கு அல்ல. உடனே கிடைக்கிறதே என்று வீடு என்று பதிவு செய்துவிட்டு முன்பக்கம் ஷட்டர் வைத்தால், நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்று நமக்கு எதிராகவே நிற்கும். 2009-இல் எனக்கு வரைபடம் போட்டவர் சொன்ன அதே யோசனையை இன்று இன்னும் சுலபமாக்கிச் சொல்ல ஆள் இருப்பார்கள். காது கொடுக்காதீர்கள்.

எந்த இடத்தில்? மரடு சொல்லும் பாடம்

நமது மாவட்டத்துக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். நீண்ட கடற்கரை நம்முடையது. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், இராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி என்று நம் வணிக ஊர்களில் பாதி கடலைப் பார்த்துத்தான் நிற்கின்றன. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை போட்டார்கள். 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறந்தார்கள். யாத்ரீகர் கூட்டம் கூடக் கூட கடலோர மனைக்கு ஆசையும் கூடுகிறது.

கேரளத்தில் கொச்சிக்கு அருகே மரடு என்ற ஊர். அங்கே 2006-இல் ஊராட்சியிடம் முறையாக விண்ணப்பித்துக் கட்டட அனுமதி வாங்கித்தான் அடுக்குமாடிகளை எழுப்பினார்கள். ஆனால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வாங்கவில்லை. உச்ச நீதிமன்றம் 8-5-2019 அன்று இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு அடுக்குமாடி வளாகங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். தொலைக்காட்சியில் நம்மில் பலர் பார்த்திருப்போம். அவர்கள் கையிலும் உள்ளாட்சியின் முத்திரை குத்திய வரைபடம் இருந்தது. அது மட்டும் போதவில்லை.

கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை முதலில் 19-2-1991-இல் வந்தது. பிறகு 2011, 2019 ஆகிய ஆண்டுகளில் புதிய அறிவிக்கைகள் வந்தன. கடல் ஏற்றத்தின்போது நீர் வந்து தொடும் எல்லையை உயர் அலைக் கோடு என்கிறார்கள். பொதுவாக அந்தக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை இந்த ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. கடல் நீர் ஏறி இறங்கும் கழிமுகம், ஓடைக் கரைகளுக்கும் தனி அளவு உண்டு. ஆகவே "என் மனையிலிருந்து கடல் தெரியவே தெரியாது" என்பது பதில் ஆகாது.

ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது என்றது 2011 அறிவிக்கை. 2019 அறிவிக்கை, 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் பகுதிகளில் மட்டும் அதை 50 மீட்டராகக் குறைத்தது. அதுவும் அந்தந்த மாவட்டத்துக்கான புதிய கடலோர மேலாண்மை வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகே செல்லும். நகர்ப்பகுதியில் ஏற்கெனவே உள்ள சாலைக்கோ, அங்கீகாரம் பெற்ற கட்டடங்களுக்கோ நிலப்பக்கமாக அமைந்த மனையா என்று பார்ப்பார்கள். செய்தித்தாளில் "50 மீட்டர்தான்" என்று படித்துவிட்டு முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். உங்கள் சர்வே எண் வரைபடத்தில் எந்த வகையில் வருகிறது என்பதே கேள்வி. மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் வழியாகத்தான் இந்த விண்ணப்பம் நகர வேண்டும். உயர் அலைக் கோட்டை அளந்து வரைபடம் தருவதற்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் உள்ளன.

இதெல்லாம் டில்லியில் உட்கார்ந்து போட்ட தொந்தரவு என்று சிலர் சலித்துக் கொள்வார்கள். தனுஷ்கோடியை அறிந்த நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். 1964 டிசம்பர் 22 இரவில் புயலும் கடலும் சேர்ந்து ஒரு துறைமுக ஊரையே துடைத்து எடுத்ததைக் கண்ட தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. கடலுக்கும் தன் மனைக்கு ஓர் அளவு உண்டு.

கடல் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். நிலத்திலும் கவனிக்க வேண்டியவை உள்ளன.

முதலாவது, கோயில் நிலம். இராமேசுவரத்தில் மட்டுமல்ல, கோயில் உள்ள எல்லா ஊரிலும் நம்மவர்கள் கடைகள் கோயில் மனையில் இருக்கின்றன. மூன்று தலைமுறையாக நிலவாடகை கட்டியிருந்தாலும் நிலத்துக்கு உரியவர் சுவாமிதான். 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் ஒப்புதல் வேண்டும். நிர்வாகத்தின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் அங்கே கட்டட அனுமதிக்குப் போக முடியாது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் உயரக் கட்டுப்பாடும் இருக்கும். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்பதை அறிவீர்கள். கோயில் பக்கம் மாடி எடுப்பவர் உயரத்தைக் கேட்டுக்கொண்டே வரைபடம் போட வேண்டும்.

இரண்டாவது, கண்மாயும் ஊரணியும். இது ஏரி குளம் நம்பிப் பிழைக்கும் மாவட்டம். வரத்துக் கால்வாய், கண்மாய்ப் புறம்போக்கு இவற்றில் ஓர் அடி உள்ளே போனாலும் அனுமதி கிடைக்காது. கண்ணுக்குக் காய்ந்த தரையாகத் தெரியலாம். வருவாய்க் கணக்கில் அது நீர்நிலையாக இருந்தால் நீர்நிலைதான்.

மூன்றாவது, அங்கீகாரமில்லாத மனைப்பிரிவு. 20-10-2016 அன்றோ அதற்கு முன்போ பத்திரம் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. மனை வாங்கும்போது அங்கீகார எண்ணையோ, வரன்முறைப்படுத்திய உத்தரவையோ கேட்டு வாங்குங்கள். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்ற வாய்ச்சொல் வில்லங்கச் சான்றில் ஏறாது.

எவ்வளவு? ரங்கநாதன் தெரு சொல்லும் பாடம்

சென்னை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவைப் பார்க்காத வணிகர் நம்மில் இல்லை. 2011-இல் தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு, அக்டோபர் 31 அன்று, விதிகளை மீறிய கட்டடங்கள் என்று அங்கே வரிசையாகக் கடைகளைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். உச்ச நீதிமன்றம் சென்று, பொங்கலை ஒட்டி 2012 ஜனவரியில் தற்காலிகமாகத் திறக்க உத்தரவு வாங்கும் வரை கடைகள் அடைந்து கிடந்தன. பெரிய நிறுவனங்கள் இரண்டரை மாதம் தாங்கும். அங்கு வேலை செய்த நம் தென்மாவட்டப் பிள்ளைகளும், அக்கடைகளுக்குச் சரக்குப் போட்ட சிறு வியாபாரிகளும் என்ன பாடுபட்டிருப்பார்கள்?

அளவு விஷயத்தில் இன்று நாம் பார்க்க வேண்டியது 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். நகரம், கிராமம் இரண்டுக்கும் ஒரே விதிப் புத்தகம். அதில் கடைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகளைச் சுருக்கமாகத் தருகிறேன்.

தளப்பரப்புக் குறியீடு என்று ஒன்று. உயரமான கட்டடம் அல்லாத சாதாரணக் கட்டடங்களுக்கு இது 2. அதாவது மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை எல்லாத் தளங்களையும் சேர்த்துக் கட்டலாம். என் மனை மூன்று சென்ட், சுமார் 1,306 சதுர அடி. ஆகவே எல்லா மாடியும் சேர்த்து சுமார் 2,612 சதுர அடி. முன்பு இந்தக் குறியீடு 1.5 ஆக இருந்தது. 18.30 மீட்டர், அதாவது 60 அடி உயரம் வரை சாதாரணக் கட்டடம். அதற்கு மேல் போனால் வேறு விதி, வேறு அலுவலகம்.

குறியீடு அனுமதிக்கிறது என்பதற்காக மனை முழுவதையும் அடைத்துக் கட்ட முடியாது. சாலையின் அகலத்தைப் பொறுத்து முன்புறம் காலியிடம் விட வேண்டும். தொடர் கட்டடப் பகுதி என்று வகுக்கப்பட்ட பழைய கடைத்தெருக்களில் பக்கவாட்டில் இடம் விட வேண்டியதில்லை. மற்ற இடங்களில் விட வேண்டும். நமது சாலைத் தெரு, வண்டிக்காரத் தெரு போன்ற நெருக்கமான தெருக்களில் மனை வைத்திருப்பவர் தம் தெரு எந்த வகையில் வருகிறது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால் அரை வேலை முடிந்தது. வண்டி நிறுத்துமிடம், மாற்றுத் திறனாளிகள் ஏறிவரும் சரிவுப் பாதை, 2003 முதல் கட்டாயமான மழைநீர்ச் சேகரிப்பு ஆகியவற்றை வரைபடத்திலேயே காட்ட வேண்டும். மழைநீர்ச் சேகரிப்பை மட்டும் நான் கடமைக்குச் செய்யவில்லை. உப்புத் தண்ணீர் ஊரில் அதன் அருமை உங்களுக்கே தெரியும்.

உப்பு என்றதும் இன்னொன்று. வரைபடத்தில் கையெழுத்திடும் பொறியாளரைக் கையெழுத்துக்கு மட்டும் பயன்படுத்தாதீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தரக் கட்டளை. நம் பகுதி ஆழ்குழாய்த் தண்ணீர் பலவும் அதைத் தாண்டிவிடும். சோதிக்காமல் கலந்தால் கம்பி துருப்பிடித்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டில் கூரைப் பூச்சு சரக்கின் மேல் கொட்டும். அனுமதி இருந்தும் கடை நிற்காது!

எங்கே போவது? என்ன கொண்டு போவது?

இராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, இராமேசுவரம் ஆகிய நான்கும் நகராட்சிகள். இவற்றுக்கு 2023 ஏப்ரல் முதல் 1998-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறையில் உள்ளது. 1920-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம் ஓய்வு பெற்றுவிட்டது. தொண்டி, மண்டபம், கமுதி போன்றவை பேரூராட்சிகள். நகரோடு ஒட்டியே இருக்கும் ஓர் ஊர் ஊராட்சியாக இருக்கலாம். நகரம் போலத் தெரிகிறது என்று நகராட்சிக்கு அலைய வேண்டாம். உள்ளாட்சியின் அதிகார வரம்புக்கு மேற்பட்ட கட்டடங்கள் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குச் செல்லும். விண்ணப்பம் இணையதளம் வழியாகத்தான்.

கையில் இருக்க வேண்டியவை: கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, விண்ணப்பதாரர் பெயரிலேயே பட்டா, புலப்பட நகல் அல்லது நகர நில அளவைப் பதிவேட்டு நகல், மனைப்பிரிவு அங்கீகாரம், நடப்பு வரி ரசீது, பதிவு பெற்ற பொறியாளர் வரைந்த வரைபடம். பலருக்கு விண்ணப்பம் நிற்பது பட்டாவில்தான். பத்திரம் மகன் பெயரில், பட்டா தாத்தா பெயரில் என்று இருந்தால் முதலில் வட்டாட்சியர் அலுவலகத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். பத்திர அளவும் பட்டா அளவும் மனையின் நேரடி அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் பேரேடும் சிட்டையும் ஒத்துப் போக வேண்டாமா? அது போலத்தான்.

செலவுக் கணக்கில் அனுமதிக் கட்டணத்தோடு, கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்குக் கட்டட மதிப்பில் ஒரு சதவீதம் செலுத்த வேண்டியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்குவதையும், அடித்தளம் தரைமட்டத்துக்கு வந்ததையும் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். நடுவில் ஒரு சுவரை நகர்த்த வேண்டி வந்தால் கொத்தனாரிடம் சொல்வதற்கு முன் பொறியாளரிடம் சொல்லித் திருத்திய வரைபடம் போடுங்கள். முடிந்ததும் பணி நிறைவுச் சான்று. சில சிறு கட்டடங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்கின் அளவு அவ்வப்போது மாறி வருவதால், கேள்விப்பட்டதை நம்பாமல் விண்ணப்பிக்கும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் போதும்" என்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்துக்கு ஆளாகிக் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் தெரிவித்தால்தான் தப்ப முடியும். அதைவிடவும் பெரிய நஷ்டம் வேறு: கொடுத்து வாங்கிய தவறான அனுமதி, கொடுத்த பணத்தோடு சேர்ந்து தவறாகவே இருக்கும். மரடுவையும் மீரட்டையும் எந்தப் பணமும் காப்பாற்றவில்லை.

ஏற்கெனவே கட்டியாகிவிட்டதா?

இதைப் படிக்கும்போது என்னைப் போலவே மனதுக்குள் திக்கென்று இருப்பவர்கள் பலர் உண்டு என்று அறிவேன். பயந்து மூடி வைப்பதால் பயனில்லை. முதலில் உங்கள் அங்கீகார வரைபடத்தைத் தேடி எடுங்கள். தொலைந்திருந்தால் 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கட்டிய கடையை வாங்குபவரும், பெரிய முன்பணம் கொடுத்து வாடகைக்கு எடுப்பவரும் இதையே செய்ய வேண்டும். மீரட்டில் தெருவுக்கு வந்தவர்களில் கடை கட்டியவர்கள் மட்டும் இல்லை. பின்னால் வந்து தொழில் நடத்தியவர்களும் இருந்தார்கள்.

1-7-2007 வரை கட்டி முடித்த கட்டடங்களை வரன்முறைப்படுத்த, நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-சி என்ற பிரிவை 2012-இல் சேர்த்தார்கள்; விதிகள் 2017-இல் வந்தன. என் கடை 2009-இல் கட்டியது. அந்த வாசல் எனக்கு அடைத்திருந்தது. உங்கள் கட்டடத்தின் வயதுக்குச் சான்று இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அச்சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளில் நோட்டீஸ் வந்தால் கல்லாவுக்கு அடியில் போட்டு வைக்காதீர்கள். குறித்த கெடுவுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். பூட்டி முத்திரை வைக்கும் உத்தரவுக்கு எதிராக அரசிடம் முறையிட 80-ஏ பிரிவு வழி தருகிறது. கெடு தாண்டினால் நியாயமும் தாண்டிவிடும்.

என் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நல்ல பொறியாளரைப் பிடித்தேன். அவர் அளந்து பார்த்து, "தப்பிக்க வழி இருக்கிறது அண்ணாச்சி, ஆனால் இடிக்க வேண்டி வரும்" என்றார். முன்பக்கம் நீட்டியிருந்த திண்ணையையும் படியையும் இடித்தேன். ஒரு ஷட்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தை வண்டி நிறுத்த விட்டேன். பின்னால் வரைபடத்தில் இல்லாமல் போட்டிருந்த குளியலறையை எடுத்தேன். கடை என்றே விண்ணப்பித்துக் கடைக்கான கட்டணத்தைக் கட்டினேன். பதினோரு மாதம் ஆயிற்று. என் தந்தையார் காலத்திலிருந்து திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகும் பழைய வாடிக்கையாளர் ஒருவர், "உட்கார இடமில்லாமல் பண்ணிவிட்டாயே" என்று இன்றும் குறைபடுகிறார். அவருக்கு உள்ளே ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன்.

அனுமதி வந்த வாரம் அந்த வங்கிக்கு மறுபடி போனேன். இந்த முறை வரைபடத்தையும் புகைப்படத்தையும் பக்கத்தில் வைத்தபோது இரண்டும் ஒரே கட்டடமாக இருந்தன. கடன் கிடைத்தது. 2009-இல் கடை என்று போடுவதற்கு யோசித்த கட்டணத்தைப் போலப் பல மடங்கு இடித்ததிலும் பூசியதிலும் போயிற்று. எந்த மளிகைக்காரரும் இந்தக் கணக்கை இலாபம் என்று எழுத மாட்டார்.

நமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டம் நடக்கும் நாளில் ஒரு பதிவு பெற்ற பொறியாளரையும் ஒரு வழக்கறிஞரையும் ஒரு மணி நேரம் அமர வைத்தால், உறுப்பினர்கள் தங்கள் வரைபடத்தைக் கொண்டு வந்து காட்டிக் கேட்டுக்கொள்ளலாம். மனை வாங்குமுன் ஒருவர் கேட்டுத் தெளிந்தால், அவர் பிள்ளை காலத்தில் ஒரு கடை பூட்டப்படாமல் இருக்கும்.

உறுப்பினர்கள் இன்று இரவு கடை அடைத்த பிறகு ஒரு வேலை செய்யுங்கள். பீரோவில் இருக்கும் அந்தப் பழைய வரைபடத்தை எடுத்து விரித்து, சமையலறை என்று எழுதிய இடத்தில் உங்கள் கடையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.